பூட்டுக்காரர் உயிலில் இரண்டாவது கையெழுத்து

எங்கள் பகுதியில் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்க வரும் பெண்ணுக்கு டார்ச் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. இடுப்பில் டார்ச் விளக்கு, கையில் ஒரு பழைய பல் பிரஷ். மீட்டர் படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தாலும் சரி, பூந்தொட்டிக்குப் பின்னால் பதுங்கியிருந்தாலும் சரி, மண்டியிட்டு, கண்ணாடியில் அப்பிய சேற்றைத் தேய்த்து, எண்ணைப் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வீட்டுக்குக்கூட ‘படிக்க இயலவில்லை’ என்று எழுதியதில்லை. அவளைக் கண்டால் நாய்கள் குரைப்பதில்லை. மீட்டர் இருக்கும் மூலையைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இதை நான் மூன்று நாய்களிடம் பார்த்திருக்கிறேன். சரி, இரண்டு.

இப்பேர்ப்பட்டவளுக்குச் சொந்தக்காரர்கள் நடுவில் மட்டும் தலை நிமிராது. காரணம், அவளுடைய கொள்ளுப்பாட்டி.

கொள்ளுப்பாட்டியின் அப்பா பூட்டு செய்கிறவர். கீழே பட்டறை, மேலே இரண்டு அறை என்று கடைத்தெருவில் ஒரு வீடு வைத்திருந்தார். பெற்றது ஒரே மகள். அதோடு தாய் தகப்பன் இல்லாத ஒரு பையனையும் எடுத்து வளர்த்தார். அவர் கண்ணை மூடியதும் வீடு முழுவதும் அந்தப் பையனுக்குப் போய்விட்டது. பெற்ற மகளுக்கு ஒரு சாவிகூட இல்லை. நாலு தலைமுறையாக, எந்த விசேஷத்துக்குப் போனாலும் டார்ச் வீட்டாரைப் பார்த்து யாராவது ஒருவர், “உயில்ல பேரை அடிச்ச வம்சம்” என்று சிரிக்காமல் பந்தி முடியாது.

அந்தப் பையனின் பேரன் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். டார்ச்சுக்கு மாமா முறை. அவர் இரண்டு ஆள் உயரத் துணியில் குடும்ப மரம் ஒன்று வரைந்துகொண்டிருந்தார். சொந்தமெல்லாம் கூடும் நாளில் மாட்டுவதாக ஏற்பாடு. டார்ச் போய்ப் பார்த்தாள். பூட்டுக்காரரிடமிருந்து ஒரே ஒரு கிளை கிளம்பியிருந்தது. அதில் மாமாவின் தாத்தா, அப்பா, மாமா, மாமாவின் பூனை வரைக்கும் இருந்தது.

“எங்க கொள்ளுப்பாட்டி எங்க, மாமா?”

“அவங்களை எங்கம்மா வைக்கறது? பெத்த அப்பாவே உயில்ல ஒதுக்கிட்டாரு. என்ன பண்ணாங்களோ, யாரு கண்டா?”

“உயிலை நீங்க பாத்தீங்களா?”

“எதுக்குப் பாக்கணும்? வீடு எங்க தாத்தாவுக்கு வந்துச்சே, அது போதாதா?”

“மீட்டரைப் பாக்காமலே உங்களுக்கு நான் பில்லு போட்டா சும்மா இருப்பீங்களா?”

மாமா பிரஷ்ஷைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டே சிரித்தார். “சரி மருமகளே. உயிலைக் கொண்டா. அதுல அவங்களைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை இருந்தாக்கூடப் போதும், வரையறேன். மூணு வாரம்தான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்க.”

மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் ஏற்றிய உயில்களை வைக்கும் பத்திரப் பதிவறைக்குப் போனாள். கூரை வரை இரும்பு அலமாரி, அதில் மூட்டை மூட்டையாகக் காகிதம். அங்கிருந்த எழுத்தர் ஒரு புத்தகத்துக்கு நாலு தும்மல் போடுகிறவர். பூட்டுக்காரர் செத்த வருடத்துப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். அதில் ஒன்றுமில்லை. மூன்று நாள் மறுபடி மறுபடி அதையே புரட்டினாள்.

“விட்டுடுங்கம்மா. அந்த வருஷம் ஊரெல்லாம் விஷக் காய்ச்சல். கோர்ட்டே பூட்டிக் கிடந்துச்சாம்.”

டார்ச் நிமிர்ந்தாள். “அப்ப இதுல எப்படி சார் இருக்கும்? நான் எண்ணை எடுக்கற நாள் ஒண்ணு, ஆபீஸ்ல அதை ஏத்தற நாள் இன்னொண்ணு. கோர்ட் மறுபடி எப்ப திறந்துச்சு?”

எழுத்தர் தும்மக்கூட மறந்துவிட்டார். இரண்டு வருடம் தள்ளியிருந்த புத்தகத்தில், நாற்பத்தோராம் பக்கத்தில், பூட்டுக்காரர் இருந்தார்.

மை வெளிறிப்போயிருந்தது. டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். பேனா கீறிய தடம் எழுந்து வந்தது. ‘என் வீட்டை என் அருமை மகளுக்கும், நான் எடுத்து வளர்க்கும் பையனுக்கும் சரிபாதியாக எழுதிவைக்கிறேன். எக்காரணத்தாலாவது ஒருவர் பாதி செல்லாமல் போனால் அது மற்றவரையே சேரும்.’

“பாதி குடுத்திருக்காரு சார்! அப்புறம் ஏன் கிடைக்கலை?”

எழுத்தர் அடியில் விரல் வைத்தார். இரண்டு சாட்சிக் கையெழுத்து. முதலாவது, பத்திரம் எழுத வந்த எழுத்துக்காரருடையது. இரண்டாவது, மகளுடையது.

“சாட்சி போட்டவங்களுக்கு அந்த உயில்ல பங்கு கிடையாதும்மா. அதான் சட்டம். உயில் செல்லும், இவங்க பாதி மட்டும் செல்லாது.”

“ஐயோ, தெரியாம போட்டுட்டாங்களா?”

அடுத்த தாளில் கோர்ட்டில் கொள்ளுப்பாட்டி சொன்ன வாக்குமூலம் தைத்திருந்தது. ‘காய்ச்சலுக்குப் பயந்து எங்கள் வாசற்படியை யாரும் மிதிக்கவில்லை. எழுத்துக்காரர் ஒருவர்தான் வந்தார். இரண்டு சாட்சி இல்லாவிட்டால் உயில் செல்லாது என்றார். நான் போட்டால் என் பங்கு போய்விடும் என்றும் சொன்னார். தெரிந்தே போட்டேன். தம்பிக்கு நாலு வயது. அவனுக்கு இது தெரிய வேண்டாம்.’

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உயிலே இல்லாம போயிருந்தா, ஒரே மகள்னு முழு வீடும் இவங்களுக்குத்தாம்மா வந்திருக்கும். கையைக் கட்டிட்டு நின்னிருந்தாலே போதும்.”

“எங்க கொள்ளுப்பாட்டி சார்” என்றாள் டார்ச். நகல் வாங்கும்போதும் சொன்னாள், படியிறங்கும்போது வாட்ச்மேனிடமும் சொன்னாள். அன்று அவள் தெருவுக்குள் நடந்து வந்த நடையில் தெருவிளக்குகள் ஒரு முழம் உயர்ந்தன. நம்பாவிட்டால் போங்கள், அரை முழம்.

நகலை மாமாவிடம் காட்டுவதா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறாள். “தம்பிக்குத்தானே சொல்ல வேண்டாம்னாங்க? தம்பி பேரனுக்குச் சொல்லக்கூடாதுன்னு எங்கயும் இல்லையே” என்று காலையில் என்னிடம் வந்து சட்டம் பேசினாள். நான் படித்த படிப்புக்கு அதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

சொந்தமெல்லாம் கூடும் நாளில் மாமா வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். மாமா நகலை நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தார். இரண்டாம் தாளில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தார். எப்போதும் சிரிக்கிறவர்கள் அன்று சிரிக்கவில்லை.

“நான் பொறந்த வீடும்மா அது” என்றார். “என்ன பண்ணாங்களோன்னு கேட்டேனே. இதைத்தான் பண்ணாங்களா! எங்க வரையட்டும், நீயே சொல்லு. மேல, பூட்டுக்காரருக்குப் பக்கத்துல வைக்கட்டுமா?”

“வேணாம் மாமா. உங்க தாத்தாவுக்குப் பக்கத்துல வைங்க. கீழே ‘அக்கா’னு எழுதுங்க. அவங்க அதுக்குத்தானே கையெழுத்துப் போட்டாங்க.”

மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரைந்தார். இரண்டு கிளைகள் ஒரே கணுவிலிருந்து கிளம்பின. அவளுடைய கிளையின் நுனியில் டார்ச் விளக்கு ஒன்றையும் தொங்கவிட்டார். பூனையை அழித்துத்தான் அதற்கு இடம் பிடித்தார், பூனைக்குக் கோபம்.

முடித்ததும் பிரஷ்ஷை அவளிடம் நீட்டினார். “இது சரின்னு அடியில ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடு மருமகளே.”

“போட்டா எனக்கு இந்த மரத்துல பங்கு போயிடுமே மாமா!”

கூடமே அதிர்ந்தது. அவள் மண்டியிட்டாள், மீட்டருக்கு மண்டியிடுகிற அதே மாதிரி. கொள்ளுப்பாட்டியின் நகலைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு, துணியின் அடியில் தன் முழுப்பெயரை, பெற்றவர்கள் வைத்ததை, ஓர் எழுத்துக்கூட விடாமல் போட்டாள்.