மெர்னா முதலில் கேட்பது

காட்டுப் பிராணி எதையாவது யாராவது தூக்கிக்கொண்டு வந்தால், மெர்னா டில்புரூக் என்ன ஆயிற்று என்று கேட்கமாட்டாள். எங்கே எடுத்தாய் என்றுதான் கேட்பாள்.

நவம்பர் மாதம், காலை. மீன்பெட்டியோடு அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். பெட்டிக்குள் ஒரு எக்கிட்னா: உடம்பெல்லாம் முள், குழல் போல நீண்ட அலகு, எறும்பும் கரையானும் தின்கிற பிராணி. முந்தைய நாள் மாலை கப்பிச் சாலை நடுவில் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. கம்பளி லாரிகள் பறக்கிற வழி. தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டேன். எங்கள் தீவில் எல்லோரும் செய்கிற காரியம்தான்.

"எங்க எடுத்த, ஹெட்லி?"

"மேற்குப் பக்கம்."

"மேற்குன்னா பாதித் தீவு."

"நேத்து மூணு பண்ணைக்கு பம்பு பார்க்கப் போனேன். அதுல ஏதோ ரெண்டுக்கு நடுவுல."

"பம்புல ஒரு நட்டு காணாமப் போனா ரெண்டு வருஷம் ஞாபகம் வெச்சிருப்ப."

மெர்னா இருபத்தெட்டு வருஷமாகப் பண்ணைகளுக்குத் தபால் கொண்டுபோகிறவள். அடிபட்ட, தாயில்லாத பிராணிகளையும் அவள்தான் பார்த்துக்கொள்வாள். கை முழுக்க முள் கீறல்கள். அவள் வீட்டுக் குளிர்பெட்டியில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து பார்த்தவர்கள் யாரும் மறுமுறை திறப்பதில்லை. உள்ளே எக்கிட்னாக்களுக்கு வைத்திருக்கும் கரையான் இருக்கும்.

எக்கிட்னா முள்பந்தாகச் சுருண்டு கிடந்தது. மெர்னா அவசரப்படாமல் உள்ளங்கையை அதன் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தாள். மெல்ல அலகு வெளியே வந்தது. பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி அடிவயிற்றைப் பார்த்தாள். இரண்டு இடங்களில் மயிர் நனைந்திருந்தது.

"பால்," என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

எக்கிட்னாவுக்குக் காம்பு கிடையாது. பால் தோலில் கசியும். குட்டி நக்கிக் குடிக்கும். குட்டியை வளைக்குள் விட்டு, வாயை மண்ணால் அடைத்துவிட்டுத் தாய் இரைதேடப் போய்விடும். ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் திரும்பி வரும். மெர்னாவுக்கு இது ஆரம்பத்தில் தெரியாது. முதல் வருஷம் ஒரு வளையை மூன்று நாள் பார்த்தாள். தாய் வரவில்லை. கைவிட்டுப் போய்விட்டது என்று குட்டியைத் தோண்டி எடுத்து, தினமும் பால் கொடுத்தாள். அது பிழைக்கவில்லை. ஐந்தாம் நாள் தாய் வந்து வெறும் வளைக்குள் தலையை விட்டு நின்றதை அவள் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் எங்கயாவது விட்டா, தானா வீட்டுக்குப் போயிடாதா?" என்றேன்.

"தெரிஞ்ச மண்ணுல விட்டாப் போவா. உன்னை ராத்திரி யாரோ தூக்கிட்டுப் போய் வேற ஊர்ல இறக்கிவிட்டா நீ போவியா? நீ உன் ஊருக்குள்ளயே வழி தொலைக்கிறவன்."

குட்டிக்குக் கடைசியாக எப்போது பால் கிடைத்ததோ, யாருக்குத் தெரியும்.

மெர்னா பெட்டியின் மூலையைப் பார்த்தாள். விரல் தடிமனில் மூன்று எச்சங்கள், காய்ந்த களிமண் போல. ஒன்றை எடுத்து செய்தித்தாளின் மேல் உடைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"செம்மண். சுண்ணாம்பு மணல் துளிகூட இல்ல. அப்ப கடலோரப் பண்ணை இல்ல." விரலால் பரப்பினாள். "எறும்பு கொஞ்சம்தான். கரையான் தலைதான் நிறைய. இது என்ன?"

"மண்ணு."

"கரி, மடையா. தீயில விழுந்த மரத்துக்குள்ள மூக்கை விட்டிருக்கா." தலையைத் தூக்கினாள். "டக்கெட் பண்ணைத் தபால்பெட்டி தாண்டி நாலாவது வளைவு. கருகின மரமா கிடக்குமே. அங்க வண்டிய நிறுத்தினியா?"

"ஒண்ணுக்குப் போக நிறுத்தினேன். அப்பதான் இது ரோட்டுல நின்னுச்சு."

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீ எங்க எடுத்தன்னுதானே கேட்ட."

தபால் வண்டியிலேயே போனோம். வளைவுக்குப் பக்கத்தில் பெட்டியைச் சாய்த்தாள். எக்கிட்னா ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நான்கு கால்களாலும் மண்ணைத் தள்ளி நேர்கீழாக இறங்கியது. முள் மட்டும் மேலே தெரிந்தது. வண்டிக்குள் போய் உட்கார்ந்தோம். டக்கெட் போன் செய்து பேப்பர் எங்கே என்று கத்தினார்.

"வருது. நேத்து நடந்ததுதானே அதுல இருக்கு, எங்கயும் போயிடாது," என்று வைத்துவிட்டாள்.

அரைமணி நேரம் கழித்து அது மேலே வந்தது. அலகால் காற்றைத் தொட்டது. ஒரு கருகிய மரத்தைச் சுற்றியது. பிறகு ஆடி ஆடி, சாலைக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரை மண்திட்டுக்குப் போனது. எனக்குத் தெரிந்து அங்கே துளை எதுவும் இல்லை. அது தோண்டியது. தலை போனது, முதுகு போனது.

"பார்த்துட்டு வரட்டுமா? குட்டி உயிரோட..."

"கதவைத் திறந்தா உன் காலை உடைப்பேன்."

மெர்னா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். வண்டி நிற்கிறது என்பதையே மறந்தவள் போல. உள்ளே குட்டி செத்துக் கிடந்தால், தாய் சீக்கிரம் வெளியே வந்துவிடும் என்று மட்டும் சொன்னாள். பத்து நிமிஷம். இருபது. தெர்மாஸ் மூடியில் ஊற்றிய தேநீர் ஆறிப்போனது. இருவரும் குடிக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மண்ணுக்குள்ளிருந்து பின்பக்கமாக வெளியே வந்தது. திரும்பிப் பார்க்காமல், பின்னோக்கி வளைந்த கால்களால் மண்ணைத் தள்ளித் தள்ளி வாயை மூடியது. அங்கே வளை இருந்ததே தெரியாதபடி மூடியது. பிறகு கரையான் மரங்களைப் பார்த்து நடந்தது.

"பூட்டிட்டா," என்றாள் மெர்னா. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தாள்.