பெயர் அழிந்த குழாய்கள்

பிள்ளையாரை நம்பும் உறவுகளே, அவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று நான் அழுத ஒரு கார்த்திகை மாதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அப்போது கிளிநொச்சியில் உயிர்த்தொழில்நுட்ப முதுமாணிப் பட்ட ஆய்வில் இருந்தேன். எங்கள் ஊரான துணுக்காயில் அயலவர்களின் பன்னிரண்டு வயல்களில் விதைப்புக்கு முன் மண் எடுத்து, நெல் வளர உதவும் பக்டீரியாக்களைப் பிரித்துக் குழாய்களில் வைத்திருந்தேன். இந்த ஆய்வு முடிந்தால்தான் ஆய்வுகூட வேலை. இரண்டு மாதமே மிச்சம்.

ஒரு திங்கட்கிழமை குழாய்களின் வெளிப்புறத்தில் பூஞ்சணம் கண்டேன். வரிசை பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரு தட்டில் பரப்பி, ஸ்பிரிட் துணியால் அவசரமாகத் துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஒன்றிலும் எழுத்து இல்லை. ஸ்பிரிட்டில் அழியாத பேனை முடிந்திருந்ததால் சாதாரணப் பேனையால் எழுதியதும் நான்தான்.

எது எந்த வயலுடையது என்று தெரியாது. வயல்களில் உரம் போட்டாயிற்று, தண்ணீரும் நின்றது. மீண்டும் மண் எடுக்க வழியில்லை.

"ஊகிச்சுப் பேர் எழுதிப்போடாதையும், பிள்ளை" என்றார் என் மேற்பார்வையாளர்.

ஆனாலும் பேனையை எடுத்தேன். எழுதினால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே. மூடி வைத்தேன். வீட்டுக்கும் சொல்லவில்லை.

புதன் காலை பிள்ளையார் கோயிலில் நின்று மூன்று வரம் கேட்டேன். பெயர்கள் நினைவுக்கு வரவேண்டும். இல்லையென்றால் கால நீடிப்பு வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஆய்வு கெட்டுப்போனதை அப்பாவிடம் சொல்லத் தைரியம் வேண்டும்.

வாசலில் செருப்பைப் போடும்போது அம்மாவின் அழைப்பு வந்தது.

"உன்ரை மண் பொட்டலங்களை எலி கடிக்குது. எப்ப வந்து எடுக்கப்போறாய்?"

"மிச்ச மண்ணைக் கொட்டச் சொன்னனானெல்லோ!"

"ஊராற்ரை வயல் மண்ணைக் குப்பையிலை கொட்டுறதோ? அறுவடை முடியத் திருப்பிப் போடுவம் எண்டு அலுமாரிக்கு மேலை வச்சனான். முதுமாணி படிச்சும் மண்ணுக்கு மரியாதை தெரியேல்லை உனக்கு."

"பொட்டலத்திலை பேர் இருக்கோ, அம்மா?"

"ஓம், நீ எழுதினபடியே கிடக்கு. ஏன் அழுகிறாய்?"

ஊருக்குப் போய்ப் பொட்டலங்களை எடுத்து வந்தேன். காய்ந்த மண்ணிலும் சில பக்டீரியாக்கள் உறங்கிக்கொண்டிருக்கும். ஒன்பது வயல்களுடையவை திரும்ப வளர்ந்தன. மற்ற மூன்று பொட்டலங்களை எலி கிழித்து மண்ணைக் கலந்துவிட்டது. அவை போனதையும் என் பிழையையும் ஆய்வேட்டில் அப்படியே எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

இன்று ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். குழாயில் எழுதியதும் ஒருமுறை ஸ்பிரிட்டால் துடைத்துப் பார்ப்பேன். அந்த ஆண்டு அறுவடை முடிந்ததும் நானும் அம்மாவும் மிச்ச மண்ணை அந்தந்த வயலில் போட்டு வந்தோம்.

நான் கேட்ட மூன்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. நான் கேட்க முன்னமே பதில் எங்கள் அலுமாரிக்கு மேல் இருந்தது. இப்போது என் வேண்டுதல் பட்டியலின் கடைசியில் ஒரு வரியை வெறுமையாக விடுகிறேன். நீங்களும் விட்டுப் பாருங்கள். அதைப் பிள்ளையார் நிரப்புவார்.