நண்டுக் கொம்பனிக்கு நான் காட்டிய வழி

எங்கள் மீன்பிடி ஊரான தாழ்வுபாட்டில் என்னைவிடப் பெரிய முட்டாள் இல்லை. இருந்திருந்தால் அந்த வெளிநாட்டு நண்டுக் கொம்பனி அவனைத்தான் பிடித்திருக்கும்.

ஊருக்குள் எப்படி நுழைவது என்று அதன் மனேஜர் கேட்டார். "முதல்ல நண்டைக் கேக்காதேங்கோ சேர். கோயில் திருநாளுக்கு லைற் போட்டுக் குடுங்கோ" என்றேன். போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் முதலில் ஆடியவனும் நான்தான்.

திருநாள் முடிந்ததும் எல்லாப் படகுகளின் நண்டும் கொம்பனித் தராசுக்கே போனது. அதுவரை என் மனைவியின் அண்ணன் ஊர் நண்டை வாங்கி விற்ற கடற்கரைக் கொட்டிலான வாடி வெறிச்சோடியது. நானோ 'ஆலோசகர்' என்று கழுத்துப்பட்டி கட்டித் திரிந்தேன்.

ஊர் பழகியதும் மனேஜர், "இனி நாங்களே பாப்பம்" என்று என்னை அனுப்பிவிட்டார். வெட்கத்தை விட்டு மச்சானிடம் போனேன்.

"வாடியைத் திரும்பத் திறப்பம் மச்சான். நானும் கூட நிக்கிறன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் இப்ப கொம்பனியிலதான் ஐஸ் உடைக்கிறன்."