ஒரு விரல் மஞ்சள்

எங்கள் அத்தாவின் வேலை தண்ணீரை மஞ்சளாக்குவது என்றுதான் ஒன்பது வயது வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டபோது எழுந்து நின்று அப்படியே சொல்லியும் இருக்கிறேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்காமல், "பெயிண்ட் கம்பெனியா?" என்று கேட்டார்.

அத்தா குடிநீர் அலுவலகத்தில் இருந்தார். எங்கள் பகுதிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். ஏதாவது ஒரு வீட்டுக் குழாயிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மஞ்சளானால் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிடுவார். ஆகாவிட்டால் முகம் செத்துப்போகும். அந்த வீட்டு வாசலிலேயே நின்று யார் யாருக்கோ போன் பேசுவார்.

மதுரையின் பழைய தெருக்களில் ஒன்றில், சந்தின் கடைசி வீடு எங்களுடையது. எங்களைத் தாண்டினால் பள்ளிவாசல். தண்ணீர்க் குழாயும் அங்கேதான் முடிகிறது. கடைசிக் குழாயில் மஞ்சள் வந்தால் தெரு முழுக்க வந்த மாதிரி என்று அத்தா சொல்வார். அதனால் முதல் சோதனை எங்கள் வீட்டில்தான் நடக்கும். குப்பியைக் கழுவி, தண்ணீர் பிடித்து, அத்தா கையில் கொடுப்பது என் வேலை. அந்த வேலையை நான் தம்பிக்கு ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அவனுக்கு நான்கு வயது. குப்பியைப் பார்த்தாலே வாயில் வைக்கப் போவான்.

தெருவில் பாதிப் பேர் அப்போதே கேன் தண்ணீருக்கு மாறியிருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கேன் நுழையவில்லை. அம்மா ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"நானே கேன் வாங்கி வச்சேன்னா அப்பறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடுத்தவன் வீட்டுக் குழாயத் தொறப்பேன்?" என்று அத்தா கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

அந்த வருடம் நோன்பு நல்ல வெயிலில் வந்தது. நோன்பு பாதி கடந்திருந்தபோது எங்கள் குழாயில் மஞ்சள் நின்றுபோனது. முதல் நாள் அத்தா மருந்தை மாற்றிப் பார்த்தார். அடுத்த முறையும் வரவில்லை. அவர் குனிந்து தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு, அம்மாவிடம் பானையைக் கவிழ்க்கச் சொன்னார். பள்ளிவாசலுக்குப் போய், கஞ்சி காய்ச்சவும் குடிக்கவும் குழாய்த் தண்ணீர் வேண்டாம், கேன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவர் வீடு தங்கவில்லை. சந்தில் ஒவ்வொரு வீடாக நின்று குழாய் எந்த வழியாகப் போகிறது என்று விசாரித்தார். நோன்பு வைத்துக்கொண்டு அந்த வெயிலில் அலைந்தார். மாலையில் வந்து சுவரில் சாய்ந்தால் பாங்கு சொல்லும் வரை கண்ணைத் திறக்க மாட்டார்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. விளக்குத்தூண் பக்கம் கூட்டிப்போய்ப் பெருநாளுக்குத் துணி எடுத்துத் தருவதாக அத்தா சொல்லியிருந்தார். மஞ்சள் வராத நாளெல்லாம் அது தள்ளிப்போனது. என் சிநேகிதிகள் எல்லோரும் எடுத்துவிட்டார்கள். ஒருத்தி ஜரிகை வைத்த பச்சைச் சுடிதாரைக் கொண்டுவந்து காட்டிவிட்டும் போயிருந்தாள்.

அடுத்த இரண்டு முறையும் மஞ்சள் வரவில்லை. ஐந்தாவது முறை தண்ணீர் வந்த விடியலில் நான் குப்பியோடு குழாயடிக்குப் போனேன். வழியில்தான் அடுப்படி. அஞ்சறைப் பெட்டி திறந்து கிடந்தது. நான் அதிகம் யோசிக்கவில்லை. ஈர விரலை மஞ்சள்தூளில் ஒருமுறை தொட்டு, குப்பிக்குள் விட்டுத் துடைத்தேன். தண்ணீர் பிடித்து அத்தாவிடம் கொடுத்தேன்.

சஹர் சாப்பாட்டுக்கு எழுந்த அத்தா அதன்பிறகு படுக்கவே இல்லை. அதற்கு முந்தைய பல இரவுகளும் அப்படித்தான் போயிருந்தன. குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் வேறு. இரண்டு சொட்டு விட்டார், குலுக்கினார், தூக்கிப் பார்த்தார்.

"வந்துருச்சு பாப்பா!" என்று கத்தினார். "ஏங்க, தெருவே எந்திரிச்சிரும்" என்று உள்ளேயிருந்து அம்மா சொன்னார். அத்தா என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினார். இன்று நினைத்துப் பார்த்தால், மஞ்சள்தூளின் கலங்கல் அவர் கண்ணில் படாமல் போனதற்குப் பல்பு மட்டும் காரணமில்லை என்று தோன்றுகிறது. அம்புட்டு நாள் தேடிய ஒன்று கைக்கு வந்தால் யாருக்குத்தான் சந்தேகப்பட மனசு வரும்?

நோட்டில் எழுதினார். பள்ளிவாசலுக்குப் போய்த் தொட்டியை நிரப்பிக்கொள்ளச் சொன்னார். "பாப்பா, சாயங்காலம் துணி எடுக்கப் போறோம்" என்றார். நான் அன்று அரை நோன்பு. அதாவது, மதியம் வரை நோன்பு, அப்புறம் பிரியாணி. அந்தச் சந்தோஷத்தில் மதியத்துக்கு மேலும் ஒரு மணி நேரம் பிடித்தேன்.

மாலை நான்கு மணிக்கு நானும் தம்பியும் அத்தாவோடு மொபெட்டில் கிளம்பினோம். எனக்கு ஊதாவில் ஒரு சுடிதார், தம்பிக்கு ஒரு ஜிப்பா. திரும்பி வரும்போது துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அத்தாவின் முதுகில் சாய்ந்து, மனசுக்குள் கிடந்த சின்னச் சந்தேகம் ஒன்றைக் கேட்டேன்.

"அத்தா, ஒருநா நீங்க மஞ்சளாக்கலேன்னா என்ன ஆகும்?"

"நான் எங்க பாப்பா ஆக்குறேன்? தண்ணிக்குள்ள ஏற்கெனவே மருந்து போட்டுத்தான் அனுப்புறாங்க. அது இருக்கா தீந்துபோச்சான்னு என் சொட்டு காட்டிக்குடுக்கும், அம்புட்டுதான்."

"தீந்துபோனா?"

"குழாய்ல எங்கயோ ஓட்டை விழுந்து சாக்கடை உள்ள வந்துருச்சுன்னு அர்த்தம். அந்த அழுக்கோட மல்லுக்கட்டியே மருந்து தீந்துபோகும். அப்பறம் அதக் குடிக்கிறவன் கதி? பின்தெரு மாமி மகன் காமாலை வந்து ஆஸ்பத்திரியில கெடக்கான்ல, அந்த மாதிரிதான். நல்லவேளை, இன்னைக்கி நம்ம தெருவுக்கு வந்துருச்சு."

துணிப்பை மடியில் கனத்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். ஒரு பஸ் ஹாரன் அடிக்கும், மூடிக்கொள்வேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், அம்மாவிடம் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று சந்து வரும் வரை மாற்றி மாற்றி முடிவெடுத்தேன்.

பள்ளிவாசல் முற்றத்தில் நோன்பு திறக்கக் கூட்டம் சேர்ந்திருந்தது. நடுவில் பெரிய அலுமினிய அண்டா. அத்தாவின் தம்பி, எங்கள் சின்னத்தா, அதன் பக்கத்தில் முண்டா பனியனோடு நின்றுகொண்டிருந்தார். வளையல் கடை வைத்திருந்தவர். ஆனால் நோன்பு மாதத்தில் நன்னாரி சர்பத் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எலுமிச்சை பிழிந்து, சப்ஜா விதை ஊறப்போட்டு, ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டுக் கலக்குவார். கேன் தண்ணீரில் போட்டால் சர்பத்துக்கு ருசி ஏறாது என்று ஒரு வாரமாகக் கோபித்துக்கொண்டு போடாமல் இருந்தவர், அண்ணன் சொல்லிவிட்டார் என்றதும் அன்று இரண்டு பங்கு கலக்கியிருந்தார்.

மொபெட் நின்றதும் தம்பி குதித்து ஓடினான். நோன்பு இல்லாத பொடிசுகளுக்குப் பாங்குக்கு முன்பே கொடுத்துவிடுவது வழக்கம். சின்னத்தா ஒரு டம்ளரில் மொண்டு அவன் கையில் கொடுத்தார். அவன் இரண்டு கையாலும் பிடித்து அண்ணாந்தான்.

"குடிக்காதடா!"

என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. அவன் பயந்து டம்ளரைக் கீழே போட்டான். ஒரு மடக்கு போயிருந்தது. முற்றமே திரும்பிப் பார்த்தது. அத்தா ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். "என்ன பாப்பா, என்ன?"

"காலையில... அது மஞ்சத்தூளு அத்தா. நான்தான் குப்பியில தடவுனேன்."

அவர் காதருகில்தான் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் குந்தி உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்புட்டுத் தடவுன?" என்று கேட்டார்.

"ஒரு விரலு."

அவர் எழுந்து மொபெட் பையிலிருந்து குப்பியை எடுத்தார். சட்டை நுனியால் இரண்டு முறை துடைத்தார். காலையில் நிரப்பிய பள்ளிவாசல் தொட்டியின் குழாயில் தண்ணீர் பிடித்தார், சொட்டு விட்டார், வெளியே வெயில் இருந்த இடத்துக்குப் போய்த் தூக்கிப் பிடித்தார். நானும் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. அவ்வளவு சுத்தமாகத் தெரிந்த ஒன்றைப் பார்த்து அவர் முகம் அப்படி வெளிறியது எனக்கு விளங்கவில்லை.

அவர் நேராக அண்டாவிடம் வந்தார். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து ஒரே தள்ளு. சர்பத்தும் ஐஸ் கட்டியும் எலுமிச்சைத் தோலும் முற்றம் முழுக்க ஓடின. பெரியவர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

"அண்ணே!" என்று அலறினார் சின்னத்தா. "கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு?"

"தண்ணி சரியில்லடா."

"நீதானண்ணே காலையில சொன்ன!"

"நான்தான் சொன்னேன். பாக்கத் தெரியாமப் பாத்துட்டேன். தூக்கக் கலக்கம். தப்பு என்மேலதான். எல்லாரும் மன்னிச்சிருங்க."

கூட்டத்தில் ஆளுக்கொரு பேச்சு. "பிள்ளைக குடிச்சிருந்தா என்னய்யா ஆயிருக்கும்?" என்றார் ஒருவர். "இத வேலைன்னு சம்பளம் வேற" என்றார் இன்னொருவர். அத்தா மொபெட்டை எடுத்துக்கொண்டு போய், முன்னாலும் பின்னாலுமாக மூன்று கேன் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். பாங்கு சொல்லும்போது அவர் துடைப்பத்தால் முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு தொடர்ந்து கழுவினார்.

நோன்போடு பொய் சொன்னால் நோன்பு கெட்டுப்போகும் என்று மதரசாவில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்று இரவு என் தப்பைவிட அதுதான் என்னை அதிகம் அரித்தது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "அம்மா, அத்தாவோட இன்னைக்கி நோன்பு கணக்குல வருமா?"

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "வரும், வரும்" என்றார்.

மறுநாள் சந்தின் திருப்பத்தில் பள்ளம் தோண்டினார்கள். ஏதோ ஒரு வீட்டுக்குப் போகும் பழைய இரும்புக் குழாய் சாக்கடைக்குள்ளேயே முங்கிப் போயிருந்தது. அடிப்பக்கம் துருவேறி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அத்தா முழங்கால் சேற்றில் இறங்கி நின்று அதைத் தடவிக் கண்டுபிடித்தார். அடுத்த முறை தண்ணீர் வந்தபோது மஞ்சள் வந்தது. இந்தமுறை குப்பியை அவரே கழுவிக்கொண்டார். தம்பி குடித்த அந்த ஒரு மடக்குக்காக அம்மா ஒரு மாதத்துக்கு மேல் தினமும் காலையில் அவனை வெயிலில் நிறுத்தி, கண் இமையை இழுத்து இழுத்துப் பார்த்தார். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்னத்தா பெருநாள் வரைக்கும் அண்ணனோடு பேசவில்லை. பெருநாள் தொழுகை முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, அந்தச் சர்பத்தில் சீனி கொஞ்சம் கூடித்தான் போயிருந்தது என்றார்.

பள்ளம் மூடிய அன்று அத்தா அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவதில் எழுதி முடித்தார். எட்டிப் பார்த்தேன். நோட்டில் அன்று எழுதியது தவறு, பார்த்ததில் பிழை தன்னுடையது என்று இருந்தது. என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பெருநாள் கழிந்த சில வாரங்களில் அத்தாவைத் தல்லாகுளம் பக்கம் இருந்த ஆபீசுக்கு மாற்றினார்கள். இனித் தெருவுக்குப் போக வேண்டாம். வருகிற புகார்க் கடிதங்களை வாங்கி, எண் போட்டு, அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும். குப்பியும் சொட்டு மருந்தும் வேறு ஒருவருக்குப் போயின. அம்மா அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். வயிற்றுவலி என்றார்.

"அத்தா, நீங்க ஆபீசராயிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா பாப்பா. ஃபேனு, சேரு எல்லாம் குடுத்திருக்காங்க."

பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் சொன்னேன். டீச்சரிடம் இரண்டு முறை சொன்னேன். அந்தச் சேரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நச்சரித்ததில், ஒரு சனிக்கிழமை அத்தா என்னைக் கூட்டிப்போனார். ஊதாச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன். சக்கரம் வைத்த நாற்காலி. மேலே ஃபேன். மேஜை நிறையக் கடிதங்கள். பக்கத்து மேஜைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஒங்கத்தா மாதிரி ஆளக் கொண்டாந்து இங்க ஒக்கார வச்சிருக்காங்க பாரும்மா" என்றார்.

பாராட்டுகிறார் என்று நினைத்து, "தேங்க்ஸ் அங்கிள்" என்றேன். அவர் சட்டென்று குனிந்து எதையோ எழுத ஆரம்பித்தார். அத்தா மட்டும் சத்தம் போட்டுச் சிரித்தார். என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, "காலத் தூக்கிக்க" என்றார். நான் ஆபீசரின் மகளாக நிமிர்ந்து உட்கார்ந்து, காலைத் தூக்கிக்கொண்டேன். அவர் சுற்றிவிட்டார்.