செபஸ்தி டிரைவரை இறக்கிவிட்டவர்கள்

போன சனிக்கிழமை ஒரு மிளகாய் பஜ்ஜியைப் பாதியில் கீழே போட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சம்பவம் என்று புரியும்.

குன்னூரில் சீசனை ஒட்டி ஒரு கலைவிழா. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மத்தியான நிகழ்ச்சிகள். என் சிநேகிதி ஸ்டெல்லாவுடன் போயிருந்தேன். ஸ்டெல்லா வெலிங்டன் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ரிட்டயர்மென்டை நெருங்கிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

மேடையில், மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்த ஓர் இசைக்குழு. எல்லோரும் கைத்தறிச் சட்டை, கழுத்தில் பாசிமணி, மூக்கில் ஜலதோஷம். தொகுப்பாளினி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"பல நூறு வருஷமா இந்த மலை மக்கள் வாய்வழியா பாடிட்டு வர்ற பாட்டு. எழுதினது யாருன்னு யாருக்குமே தெரியாது... இது உங்க மண்ணோட பாட்டு!"

கைதட்டல். கிட்டார் ஆரம்பித்தது. முதல் வரியிலேயே பஜ்ஜி என் கையை விட்டுப் போய்விட்டது.

யாருக்குமே தெரியாதா? எழுதியவள் என் பக்கத்தில் நின்று, கடைக்காரரிடம் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டுக்கொண்டிருந்தாளே!

ஸ்டெல்லாவும் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் ஒரு சிரிப்பு. தன் பாட்டை யாரோ மேடையில் பாடினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பிறகு அந்தச் சிரிப்பு மெதுவாகப் போய்விட்டது. பல்லவியில் அவள் எழுதியது இது:

"செபஸ்தி டிரைவரு ஹாரன் அடிச்சாத்தான்
எமரால்டு அணைக்கே பொழுது விடியுமே..."

அவர்கள் பாடியது இது:

"செங்கதிர் மாமன் சேதி சொன்னாத்தான்
செந்தேன் மலைக்கே பொழுது விடியுமே..."

செந்தேன் மலையா? அது எந்தத் தாலுகாவில் இருக்கிறது?

ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். "அக்கா... பாட்டுல எங்கப்பாவக் காணோம்."

செபஸ்தி அவளுடைய அப்பா. எமரால்டில் ராத்திரி தங்கி, விடிவதற்குள் ஊட்டிக்குக் கிளம்பும் முதல் பஸ்ஸின் டிரைவர். கிளம்புமுன் வளைவில் நின்று ஒரு நீள ஹாரன் அடிப்பார். அந்தச் சத்தத்தில்தான் ஊர் எழுந்திருக்கும். முட்டைக்கோஸ் மூட்டைக்காரர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், எஸ்டேட்டில் பெரட்டுக்கு — அதாவது ஆளெடுக்கும் நேரத்துக்கு — ஓடுகிற பெண்கள். தினமும் வருகிற முகம் ஒன்று குறைந்தால் இன்னொரு ஹாரன் அடித்துக் காத்திருப்பாராம். மகள் அதைப் பாட்டாக எழுதியபோது மனிதருக்கு ஒரே வெட்கம். "எம்பேரெல்லாம் எதுக்கு சாமி?" என்றாராம். ஆனால் யாரும் பார்க்காத நேரம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுவார் என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது அவர் இல்லை. ரோட்டுக்கோ, பஸ் ஸ்டாப்புக்கோ அவர் பெயரை வைக்கவா போகிறார்கள்? அவர் பெயர் இருந்த ஒரே இடம் அந்தப் பாட்டு.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனோம். குழுவின் தலைவர் மரியாதையான இளைஞர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். முரடராக இருந்திருந்தால் வசதியாகத் திட்டியிருப்பேன்.

"நாங்க ஃபீல்டு ரெக்கார்டிங் பண்ணோம் ஆண்ட்டி. எஸ்டேட் ஸ்கூல் பசங்க பாடினாங்க. யார் பாட்டுன்னு கேட்டோம். 'எங்க மலைப் பாட்டு'ன்னாங்க."

"அதுல செபஸ்தி டிரைவர்னு வந்திருக்குமே?" என்றேன்.

"வந்துச்சு ஆண்ட்டி. அத யாரோ பின்னாடி சொருகியிருக்காங்க. டிரைவர், ஹாரன் எல்லாம் ஃபோக் ஃபீல் குடுக்கல. அதான் எடுத்துட்டோம்."

ஸ்டெல்லா தணிந்த குரலில் சொன்னாள்: "இத எழுதுனது நாந்தானுங்க, தம்பி."

அவர் கனிவோடு சிரித்தார். "சின்ன வயசுல கேட்டிருப்பீங்க ஆண்ட்டி. நாமளே எழுதின மாதிரி தோணும். அதுதான் ஃபோக்கோட பவர்!"

எனக்குக் காது சுட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர், பெற்றவளிடமே தாய்மையின் மகிமையைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும்?

சரி, கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன் என்றேனே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். அதற்குக் கனடா வரை போக வேண்டும்.

ஸ்டெல்லா, சந்திரன், போஜன் — மூவரும் சேர்ந்தால் 'ஃபர்ஸ்ட் கியர்' என்ற ராக் பேண்ட். ஸ்டெல்லா எழுதிப் பாடுவாள், சந்திரன் கிட்டார், போஜன் டிரம்ஸ். சந்திரன் டீ ஃபேக்டரியில் மெக்கானிக். அவர் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பி இங்கே வந்தது. சொந்தத்தில் சிலர் டொரன்டோவுக்குப் போய்விட்டார்கள். அப்படிப் போன சித்தப்பா மகன் ஒருமுறை பார்சலில் சாக்லேட்டோடு ஒரு கேசட்டும் அனுப்பினான். 'சால்ட் ட்ரக்ஸ்' என்ற கனடா பேண்டின் கேசட். பனி விழுந்த ரோட்டில் உப்பைக் கொட்டிக்கொண்டு போகும் லாரிக்கு அந்த ஊரில் அதுதான் பெயராம்.

ஆல்டர்நேட்டிவ் ராக் என்பார்கள் அந்த வகையை. அப்படியென்றால் என்ன என்று போஜனைக் கேட்டேன். "ரேடியோக்காரன் போடமாட்டேன்னு சொல்ற ராக்குங்க" என்றார். இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

சால்ட் ட்ரக்ஸின் கதையைக் கேளுங்கள். ஏதோ ஒரு சின்ன ஊரில் ஆரம்பித்தார்கள். ஹீட்டர் வேலை செய்யாத வேனில் ஊர் ஊராகப் போய் பார்களில் வாசித்தார்கள். தங்கள் ஏரி, தங்கள் ரயில்வே கேட், தங்கள் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரர்... எல்லாவற்றையும் பெயரோடு பாடினார்கள். கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டு, "அமெரிக்காவில் விற்க வேண்டுமென்றால் ஊர்ப் பெயர்களை எடுத்துவிடுங்கள்" என்றார்கள். இவர்கள் மாட்டேன் என்றார்கள். அமெரிக்காவும் வாங்க மாட்டேன் என்றது. அவ்வளவுதான். அவர்கள் ஊரில் கூட்டம் கூடியது. பக்கத்து நாட்டில் ஆள் இல்லை.

பிறகு அடுத்த தலைமுறை பேண்டுகள் வந்தன. அதே கிட்டார், அதே இழுப்பு, அதே சோகம். மாளிகை கட்டினார்கள். விமர்சகர்கள் பெரிய மனது பண்ணி சால்ட் ட்ரக்ஸுக்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள்: 'இன்ஃப்ளூயன்ஷியல்'.

அந்த வார்த்தையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன அர்த்தம் அதற்கு? எல்லோரும் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், யாரும் உன் டிக்கெட்டை வாங்கவில்லை. அதைக் கொஞ்சம் நாசூக்காகச் சொல்கிறார்கள்.

நம் ஃபர்ஸ்ட் கியரின் கதையும் அச்சு அசல் அதுதான், பனிக்குப் பதில் சாரல் மழை. சர்ச் ஹால், ஃபேக்டரி ஆண்டுவிழா, காலேஜ் டே. எங்கே போனாலும் மூன்றாவது பாட்டுக்குள் ஒருவர் சீட்டு அனுப்புவார்: சினிமாப் பாட்டு பாடவும். கீழே ஒரு கம்பெனிக்காரர் சொன்னாராம், "கேத்தி, எமரால்டு எல்லாம் யாருக்குங்க புரியும்? பொதுவா 'மலை'ன்னு வச்சுக்கலாமே." இவர்கள் மாட்டேன் என்றார்கள். இன்று கோயம்புத்தூர்க் காலேஜ் பேண்டுகளைக் கேளுங்கள். பாதிப் பேர் சந்திரனின் கிட்டாரைத்தான் வாசிக்கிறார்கள். அவர்களுக்கே அது தெரியாது.

சால்ட் ட்ரக்ஸிடமிருந்து இவர்கள் ஒரு வழக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பேண்டில் பாட்டுக்குக் கீழே தனி ஆள் பெயர் கிடையாது. யார் எழுதினாலும் பேண்டின் பாட்டு. அதனால் சண்டை வராதாம். இவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிடித்ததோடு விட்டார்களா? ஒரு படி மேலே போய்விட்டார்கள். சர்ச் கேம்ப்பிலும் பள்ளிகளிலும் பாட்டைச் சொல்லித்தரும்போது பேண்டின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. குழந்தைகள் கேட்டால், "இது நம்ம மலைப் பாட்டு கண்ணு" என்றார்கள். கனடாக்காரன் பேண்டு பெயரையாவது கேசட்டில் போட்டான். நம் ஆட்கள் தன்னடக்கத்தில் கனடாவையே தோற்கடித்தார்கள்.

குழந்தைகள் பொய் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்டெல்லா நேராகக் கேத்திக்குப் போனாள். நானும் கூடவே. அங்கே போஜனின் கேரட் கழுவும் ஷெட்தான் இவர்களுக்குப் பிராக்டிஸ் ஹால். சந்திரன் ஏற்கெனவே வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஸ்டெல்லா சொல்லியிருந்தால் பாதியை விழுங்கியிருப்பாள்.

"ஊரே பாடுது. நல்லதுதானே?" என்றார் சந்திரன். "நம்ம பேரு வேணாம்னு நாமதானே முடிவு செஞ்சோம். இப்ப எந்த முகத்த வச்சுக்கிட்டு கேக்கிறது?"

போஜன் ஒரு கேரட்டை ஒடித்தார். "டீச்சர் பேரு வேணும்னா கேக்கலாமுங்க. தப்பில்ல."

"எம்பேரு வேண்டாம்" என்றாள் ஸ்டெல்லா. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "நம்ம மூணு பேரும் பேரு வேண்டாம்னு சொன்னோம். சரி. எங்கப்பாவ யாரு கேட்டா? அவரு நம்ம பேண்டுலயா இருந்தாரு? அவரு பாட்டுக்கு பஸ்ஸ ஓட்டிட்டு இருந்தாரு. அவர எதுக்கு எறக்கி வுட்டாங்க?"

சந்திரன் கிட்டாரை உறையில் போட்டுத் தோளில் மாட்டினார். "வாங்க, போவோம்."

விழா அமைப்பாளரிடம் போனோம். ஒரே ஒரு பாட்டு, ஐந்து நிமிஷம் போதும் என்றோம். அவர் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். நரைத்த தலைகள், மழைக் கோட்டு.

"ராக்குங்களா? ஃபேமிலி ஆடியன்ஸுங்க. வேணும்னா பழைய டூயட் ஒண்ணு பாடுங்களேன்."

எத்தனை வருடமானாலும் அதே சீட்டு!

நான் சண்டைக்குத் தயாரானேன். ஸ்டெல்லா என்னை இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். மைதானம் நிறைந்திருந்தது. ஞாயிறு என்பதால் எஸ்டேட் பெண்கள், எமரால்டுப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள், ஸ்டெல்லாவிடம் கணக்குப் படித்து இப்போது பிள்ளை குட்டியோடு இருப்பவர்கள். கடைசி நிகழ்ச்சியாக, 'ரசிகர்களின் வேண்டுகோளுக்கு இணங்க' அந்தப் பாட்டே மறுபடியும் வந்தது.

பாடகர் கையை உயர்த்தினார். "எல்லாரும் சேர்ந்து!"

எல்லோரும் சேர்ந்தார்கள். மேடை "செங்கதிர் மாமன்" என்றது. மைதானம் "செபஸ்தி டிரைவரு" என்றது. மைக்கை விட மைதானம் பெரிது. செங்கதிர் மாமன் இருந்த இடம் தெரியவில்லை. பாடகர் நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியும் ஜனம் நிறுத்தவில்லை. ஹாரன் அடித்து, எமரால்டு அணைக்குப் பொழுது விடிந்த பிறகுதான் ஓய்ந்தது.

தொகுப்பாளினி சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார். "என்னங்க இது! உங்க பாட்ட நீங்களே தப்பா பாடறீங்களே? ஒரிஜினல் வரிய நான் சொல்லித்தரேன், எல்லாரும் திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்."

சொல்லித்தருகிறாராம்! நான் எழுந்தேவிட்டேன். ஆனால் எனக்கு முன்னால் நடு வரிசையில் ஓர் அம்மா எழுந்துவிட்டார். தலையில் மஃப்ளர், இடுப்பில் பேரன்.

"ஏனுங்க, என்ன ஒரிஜினலு? அவரு பஸ்ஸுலதானுங்க நாங்க பெரட்டுக்குப் போனோம்! நான் வரலீன்னா ரெண்டாவது ஹாரன் அடிப்பாரு. அவரு மக, அதோ அங்க உக்காந்திருக்குது!"

ஜனம் திரும்பிப் பார்த்தது. ஸ்டெல்லா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

கூட்டம் கலையும்போது அந்த இளைஞர் இறங்கி வந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. "ஆண்ட்டி... செபஸ்தி யாரு?"

"நேத்தே இதக் கேட்டிருக்கலாமில்லீங்களா, தம்பி?" என்றாள் ஸ்டெல்லா. கேட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியில் கிடந்த என் மழைக் கோட்டை எடுத்து அவருக்கு இடம் கொடுத்தாள். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். போஜனும் சந்திரனும் சுற்றி நின்றுகொண்டார்கள். அவள் எமரால்டு வளைவிலிருந்து ஆரம்பித்தாள்.

இனிமேல் சரியாகப் பாடுவதாக அவர் சொல்லியிருக்கிறார். பாடுவாரா? எனக்குச் சந்தேகம்தான். ஆகவே, எங்காவது மேடையில் 'செங்கதிர் மாமன்' காதில் விழுந்தால் சும்மா இருக்காதீர்கள். அவர் பெயர் செபஸ்தி. எமரால்டு முதல் பஸ்ஸின் டிரைவர். எழுதியது அவர் மகள் ஸ்டெல்லா. இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது, இனி எவரும் 'யாருக்குமே தெரியாது' என்று சொல்ல முடியாது!