விளக்கெண்ணெயில் குழைத்த நீலம்

திருத்தணி ஸ்டேஷன் வாசலில் பதினேழு ஜட்காக்கள் நிற்கின்றன. ஒரு வண்டிக்காரனும் வாய் திறந்து யாரையும் கூப்பிடுவதில்லை. ரயில் வந்து ஜனங்கள் மூட்டையும் முடிச்சுமாக வெளியே கொட்டினாலும் அவர்கள் பீடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் நிற்கிற வண்டி நிறைந்து நகர்ந்த பிறகுதான் அடுத்தவன் சாட்டையைத் தொடுவான். ரங்கூன் படகுத்துறையில் இறங்கிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். என் ஒரு டிரங்குப் பெட்டியை ஆறு கைகள் பிடித்து இழுத்தன. யார் அதிகம் கத்தினானோ அவன் வண்டியில் ஏறினேன். முப்பத்தோரு வருஷம் அந்த இரைச்சலில் வாழ்ந்தவனுக்கு இந்த ஊரின் அமைதி சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. அது சோம்பேறித்தனம் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள, பாவம், வேறொருவன் விரல்கள் முறிய வேண்டியிருந்தது.

பர்மாவிலிருந்து நடந்து வந்து ஆளுக்கொரு ஊரில் சிதறிக் கிடக்கிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யுத்தம் முடிந்ததும் நம்மில் பலருக்குத் திரும்பிப் போகும் எண்ணம் வந்திருக்கிறது. என் மகன் தங்கராஜுக்கும் வந்தது. ரங்கூனில் நான் தலைமை குமாஸ்தாவாக இருந்த அரிசி ஆலையிலேயே அவன் டிரைவராக இருந்தான். திருத்தணிக்கு நாங்கள் வந்ததற்கு ஒரே காரணம், மருமகள் ராஜம்மா அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பத்துப் பெண் என்பது. எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. தெருவில் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறார்கள், மீதிப் பேரின் தமிழும் எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது. மனைவியை மலைப்பாதையில் காலராவுக்குக் கொடுத்துவிட்டேன். மிஞ்சியிருப்பது இந்த ஒரு மகன். அவன் ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்: “ஒரு பழைய வேகன் கெடச்சிருக்கு. ஆடிக் கிருத்திகைக்குள்ள சவாரிக்கு ஓட்டிப் பாக்கறேன். ஓடலைன்னா கப்பலேறிடுவேன்.” அன்றிலிருந்து அந்த வண்டிதான் எனக்கு மகன்.

ராணுவத்தார் கழித்துப்போட்ட ஸ்டேஷன் வேகன் அது. பின்பாதி முழுவதும் மரச்சட்டம். எஞ்சினைத் தங்கராஜ் பார்த்துக்கொண்டான். உடலையும் வண்ணத்தையும் நான் எடுத்துக்கொண்டேன். பேனாவைத் தவிர வேறு கருவி பிடிக்காத கை என்னுடையது. முதல் வாரத்திலேயே அதில் பதினான்கு வெட்டுக்காயம். ராணுவப் பச்சை வண்ணத்தை உரிக்கக் காஸ்டிக் சோடாவைக் கரைத்துப் பூசினேன். அது வண்ணத்தோடு என் புறங்கைத் தோலையும் சேர்த்து உரித்தது. உடைந்த பாட்டிலின் ஓரத்தால் மரத்தைச் சுரண்டினேன். சுரண்டிய இடத்தில் ரத்தம் சொட்டி, உப்புத்தாளால் தேய்த்தும் போகாத கறை விழுந்தது. மட்கார்டில் இருபத்திரண்டு நெளிவுகள். ஒவ்வொன்றையும் கொட்டாப்புளியால் உள்ளேயிருந்து அடித்து நிமிர்த்தினேன். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டதும் ராஜம்மா தண்ணீர்க் குடத்தைப் போட்டுவிட்டுச் சுவரோரம் குந்தினாள். ரங்கூனில் குண்டு விழுந்தபோது அவள் அப்படித்தான் குந்தினாள். “அடிங்க மாமா, ஒண்ணுமில்ல,” என்றாள் பிறகு. எனக்கு அடிக்கப் பிடித்திருந்தது. பத்து அடிக்கு ஒரு தரம் நிறுத்திப் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அடிப்பேன். யாரை அடித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பின்கதவை மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டேன். காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரங்கூனை விட்டு ஓடிய அன்று ஆலையின் வேகனைத் தங்கராஜ் ஓட்டினான். ஏழு பேர் உட்காரும் வண்டியில் பதினாறு பேர் இருந்தோம். ஊரைத் தாண்டுமுன் ஒரு கூட்டம் பின்னால் ஓடிவந்து கதவைப் பற்றியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் மனைவி என் தோளைக் கிள்ளி, “கவுந்துடும், கவுந்துடும்,” என்றாள். காலடியில் கிடந்த ஸ்பேனரை எடுத்து, கதவின் விளிம்பில் தெரிந்த விரல்கள் மேல் அடித்தேன். ஒன்பது கைகள். எட்டாவது கை ஆலையில் எடை பிடித்த ஆறுமுகத்தினுடையது. தங்கராஜோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். “அண்ணே, நான்தாண்ணே,” என்று முன்னால் இருந்த தங்கராஜைக் கூப்பிட்டான். நான் அடித்தேன். கண்ணாடியில் தங்கராஜ் அதைப் பார்த்தான். வண்டியை நிறுத்தவில்லை, அதைப் பற்றி நாலு வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

வண்ணம் பூசும் வேலைக்கு வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. நீல வண்ணப் பொடி கிடைத்தது. அதைக் குழைக்கிற ஆளிவிதை எண்ணெய் இந்த ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. சென்னைக்குப் போய்வர எனக்குப் பொறுமை இல்லை. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று வீட்டிலிருந்த விளக்கெண்ணெயில் குழைத்துவிட்டேன். அது நன்றாகப் படிந்து பளபளத்தது. ஒரு கோட்டு போதாதென்று நான்கு கோட்டு அடித்தேன். ஆறு நாள் கழித்துத் தொட்டால் விரலில் ஒட்டியது. ராஜம்மா வந்து ஒரு தரம் தொட்டுவிட்டு முந்தானையில் துடைத்தாள். “எங்க ஊட்டுல பாவுக்குக் கஞ்சி போட்டா, காஞ்சப்புறம்தான் மாமா தறியில ஏத்துவாங்க. இது காயற ஜாதியே இல்ல போலகீது.” தங்கராஜும் சொன்னான், பரணியன்று எடுக்க வேண்டாம், வண்ணமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சுரண்டிவிட்டுப் பிறகு ஓட்டலாம் என்று. நான் கேட்கவில்லை. கிருத்திகைக்கு முந்தின நாள் பரணி. அன்று ஓடாவிட்டால் எப்போது ஓடும்? நாள் தவறினால் மகன் கப்பலில் இருப்பான். இதுதான் என் தலைக்குள் ஓடிய கணக்கு.

பரணியன்று காலை வேகனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். காவடிகளோடு ரயில் வந்தது. தங்கராஜ் வண்டியைப் பதினேழு ஜட்காவுக்கும் பின்னால் நிறுத்தப் போனான். “முன்னால போ,” என்றேன். போனான். நான் பின்பக்கம் இறங்கி நின்று, ரங்கூன் படகுத்துறையில் கற்ற குரலில், “மலைக்கு, மலைக்கு, நேரா மலையடிக்கு,” என்று கூவினேன். ஸ்டேஷன் வாசல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் பதினோரு பேர் வண்டிக்குள் ஏறிவிட்டார்கள்.

வரிசையில் முன்னால் நின்றது கன்னையாவின் ஜட்கா. விடியற்காலையிலிருந்து தன் முறைக்குக் காத்திருந்தவன். இறங்கி வந்து நிதானமாகத்தான் பேசினான்.

“பெரியவரே, இது இன்னா பயக்கம்? முறை என்னுது. எறக்கி உடு.”

“ஏறினவர்களை இறக்க முடியாது. நீயும் கூப்பிடு, யார் தடுத்தது?”

“இங்க யாரும் கூவறதில்ல. பொணத்துக்குத்தான் கூவுவோம்.”

நான் உள்ளே ஏறிப் பின்கதவைச் சாத்திக்கொண்டு, “எடு,” என்று தங்கராஜிடம் கத்தினேன். வண்டி நகர்ந்தது. கன்னையா கதவைப் பற்றிக்கொண்டு ஓடிவந்தான். அவன் பின்னால் இன்னும் நாலைந்து பேர் ஓடிவந்து பற்றினார்கள். காயாத நீலத்தில் கைகள் வழுக்கின, மறுபடி பற்றின. வண்டி லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. இருக்கைக்கடியில் ஸ்பேனர் இருக்கும் என்பது கைக்குத் தெரிந்திருந்தது. மூன்று அடி. மூன்றாவதில் சுள்ளி ஒடிவதுபோல் சத்தம் கேட்டது.

வண்டி நின்றது. என்னைக் காலைப் பிடித்து இழுத்துப் புழுதியில் போட்டார்கள். சாட்டைக் கழி, செருப்பு, முழங்கால். பதினெட்டு வரை எண்ணினேன். முன் கண்ணாடி உடைந்தது. ஒருவன் என் நெஞ்சில் உட்கார்ந்து நீலக் கையால் முகத்தில் அறைந்தான். ஏறியிருந்த பக்தர்கள் காவடிகளை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விலகி நின்றார்கள். தங்கராஜ் கூட்டத்தைப் பிளந்து வந்தான். என்னைத் தூக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் கன்னையாவின் கையை எடுத்துப் பார்த்தான். நடுவிரலும் மோதிர விரலும் தப்பான பக்கம் மடிந்து கிடந்தன.

“இங்கயும் அதேதானா அப்பா?” என்றான். நாலு வருஷத்துக்குப் பிறகு வந்த கேள்வி.

யாரோ போலீஸ் என்றார்கள். கன்னையா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தான். “போலீசு வந்து என் குதுரைய ஓட்டுமா? கைய ஒடச்சவன் கை குடுக்கட்டும்.” அதுதான் அந்த ஸ்டாண்டின் வழக்கமாம். ஒருவன் இன்னொருவனை வேலைக்கு ஆகாமல் செய்துவிட்டால், அவன் தேறும்வரை அடித்தவன் அவன் வண்டியை ஓட்ட வேண்டும். வேகன் பதினெட்டாவதாக வரிசையின் வாலில் நிற்க வேண்டும். அங்கேயே, புழுதியிலேயே, பேசி முடித்துவிட்டார்கள். தங்கராஜ் ஒப்புக்கொண்டான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்: “அவர் கை கூடற வரைக்கும் இருக்கேன். கூடின மறுநாள் கப்பலேறிடுவேன். இந்த வண்டிய அவங்களே வச்சுக்கட்டும்.”

அன்று மத்தியானமே உடைந்த கண்ணாடி வண்டியில் கன்னையாவைப் புத்தூருக்குக் கூட்டிப்போனோம். எலும்பு முறிவுக்கு அங்கே கட்டுகிற கட்டு பெயர்பெற்றது. பச்சிலையும் முட்டையும் அரைத்து, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார் வைத்தியர். மூன்று கட்டு, பதினைந்து நாளுக்கு ஒரு கட்டு என்றார். மூன்று பதினைந்து நாற்பத்தைந்து.

மறுநாள், கிருத்திகையன்று, வீங்கிய முகத்தோடு ஜட்காவில் ஏறினேன். கன்னையா பக்கத்தில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். குதிரைக்குத் தெலுங்குதான் புரிந்தது. நான் இழுத்தால் அது நின்றது, விட்டால் சாக்கடைக்குப் போனது. “கணக்குப் புள்ளைய குந்த வச்சா குதுரைகூட ரோசன பண்ணுது பாரு,” என்று பின்னாலிருந்த சவாரியிடம் சொல்லிச் சிரித்தான். பத்து நாளில் கயிறு பிடிபட்டது. பதினைந்தாம் நாள் தன் வீட்டிலிருந்து கூழ் கொண்டுவந்து கொடுத்தான். “இன்னா பெரியவரே, எண்ணிகினே கீற? என் பல்லு எத்தினின்னு சொல்லு பாக்கலாம்.” இருபத்தாறு என்றேன். நெடுநேரம் சிரித்தான். இந்த ஊரில் என்னோடு சிரித்த முதல் மனிதன், என்னால் எலும்பு முறிந்தவன்.

நான் எண்ணிக்கொண்டிருந்தது அவன் பல்லை அல்ல. முதல் கட்டு அவிழ்ந்தது. இரண்டாவதும் அவிழ்ந்தது, வீக்கம் வற்றியிருந்தது. மூன்றாவது கட்டை வெட்டுகிற அன்று நான் வைத்தியரைக் கேட்டேன்: “இன்னொரு கட்டு போட்டால் நல்லதில்லையா?” அவர் வேண்டாம் என்றார். “பாருங்க சாமி, கட்டினவரே போதும்ங்கறாரு, ஒடச்சவருக்கு மனசு வரல,” என்றான் கன்னையா. அவனுக்கு அது வேடிக்கை. நான் தினமும் மலையைப் பார்த்துக் கும்பிட்டபோது என்ன வேண்டினேன் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? அந்த விரல்கள் கூடக்கூடாது என்று வேண்டினேன். வேண்டிய கையோடு அவன் கட்டு நனையாமல் என் துண்டைச் சுற்றிவிட்டேன். இரண்டையும் மனதாரத்தான் செய்தேன்.

நேற்று மலையடிக்குச் சவாரி போகும்போது அவன் திடீரென்று கையை நீட்டி வலப்பக்கக் கயிற்றை எடுத்துக்கொண்டான். இரண்டு விரல்களும் மெதுவாக மடிந்து கயிற்றைப் பிடித்தன. “பாத்தியா,” என்றான். முகமெல்லாம் சந்தோஷம். “இடதையும் குடு. நாளையிலேர்ந்து நீ ஊட்டுல இரு பெரியவரே, போதும்.”

நான் கொடுக்கவில்லை. அவன் வலப்பக்கம் இழுத்தான், நான் இடப்பக்கம் இழுத்தேன். குதிரை இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நடுரோட்டில் நின்றுவிட்டது. எங்களுக்குப் பின்னால் வேகனில் வந்த என் மகன் ஹாரன் அடித்து வழி கேட்டான்.