நடக்காதீங்க எண்டு சொல்ற உத்தியோகம்

வீடு வீடாப் போய்க் கேள்வி கேக்கிற வேலையில நாய்க்குக் கூடப் பழகிரலாம், கேள்வியை எழுதினவங்களுக்குத்தான் பழக ஏலாது. டெங்குக் கணக்கு, நிவாரணக் கணக்கு எண்டு வெயிலுக்குள்ள வேலிப் படலை படலையா அலைஞ்சவங்க இதை வாசிச்சா நான் என்ன சொல்ல வாறன் எண்டு விளங்கும். நீங்களும் என்னோட சேந்து கொஞ்சம் பல்லைக் கடிங்க.

நான் பகல்ல அரிசி மில்லில மூட்டை தூக்கி, பொழுதுபட்டா இரவுப் பள்ளிக்கூடம் போய்ப் படிச்சவன். பல்கலைக்கழகக் கம்பஸ் ஒண்டின்ட ஆராய்ச்சிக்கு எங்கட மட்டக்களப்புப் பக்கத்தில ஆள் தேவையெண்டாங்க, போனன். உடற்பயிற்சி செஞ்சா மனசுக்குச் சுகம் வருமா எண்டு பாக்கிற ஆராய்ச்சி. நல்ல விசயம். இப்பவும் அது நல்ல விசயம் எண்டுதான் சொல்லுவன். என்ட கோவம் வேற இடத்தில.

படுத்துக் கிடந்த மனுசன்

மாங்கேணிக் கடற்கரையில கரைவலை இழுத்து முடிச்சுப்போட்டு மணல்ல குந்தி இரிந்தார் சிவலிங்கம் அண்ணன். கயிறு அறுத்து உள்ளங்கை ரெண்டும் சிவந்து கிடக்கு. முதுகில வேர்வை இன்னும் காயல்ல. நான் கேள்வியெல்லாம் ஏத்தித் தந்த டெப் கம்பியூட்டரைத் திறந்து, "அண்ணன், நீங்க உடற்பயிற்சி செய்யிறதா?" எண்டு கேட்டன். அவர் வலையைப் பாத்தார், மறுகா என்னைப் பாத்தார். "இப்ப செஞ்சது என்னத்த?" எண்டார்.

எங்களுக்குப் பயிற்சி தரக்குள்ள அடிச்சுச் சொன்ன விதி ஒண்டு இரிக்கு. தொழிலுக்காக உடம்பை அசைச்சா அது உடற்பயிற்சி இல்ல. ஓய்வு நேரத்தில, சுகத்துக்காகச் செஞ்சாத்தான் கணக்கு. ஓய்வு நேரத்தில என்ன செய்வீங்க எண்டு கேட்டன். படுப்பன் எண்டார். விதிப்படி டெப்பில 'இல்லை' எண்ட பொத்தானை அமத்தினன். எட்டிப் பாத்துப்போட்டு அவர் சொன்னார்:

"அப்ப விடியத் தொட்டு இவ்வளவு நேரமும் நான் படுத்தா கிடந்தன் தம்பி?"

நாலு விடை

நான் எழும்பக்குள்ள அதே சிவலிங்கம் அண்ணன்தான் தன்ட தங்கச்சியைப் போய்ப் பாக்கச் சொன்னார். பேர் தவமணி. தலையில கூடையோட மீன் வித்துத் திரிஞ்ச மனுசி. போன மாரிமழைக் காலத்தில புருசன் நெஞ்சு வருத்தத்தில செத்ததுக்குப் பிறகு படலையைத் தாண்டல்லயாம். அடுப்பும் அண்ணன் பெண்சாதி வந்து மூட்டினாத்தானாம்.

நானும் என்னோட வேலை செஞ்ச கிருபா எண்ட வாழைச்சேனைப் புள்ளயும் போனம். தவமக்கா சுவரோட சாய்ஞ்சு இரிந்தா. மூலையில மீன்கூடை கவிழ்ந்து கிடக்கு, அதுக்கு மேல தூசி. மனசைப் பத்தின கேள்வி ஒவ்வொண்டுக்கும் விடை நாலு: ஒருநாளும் இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல, கிட்டத்தட்ட எல்லா நாளும். கிருபா மெல்ல வாசிச்சா. தவமக்கா கேட்டுக்கிட்டே இரிந்துபோட்டு, "ஒரு நாளைக்குள்ளயே நாலும் வந்து போகுதே புள்ள, எதை அமத்துவீங்க?" எண்டா.

விடியக்காலம் பொண்டுகளைச் சேத்துக் கடற்கரை ரோட்டால நடத்துறதுதான் எங்கட உடற்பயிற்சி எண்டு கிருபா விளங்கப்படுத்தினா. பக்கத்து வீட்டு லீலாவும் பேர் குடுத்திரிக்கா எண்டு கேட்ட உடனே தவமக்கா நிமிந்து இரிந்தா. வெளிய வாறதுக்கு அவ வாயைத் திறந்தது மாரிக்குப் பிறகு அதுதான் முதல் தரம் எண்டு அண்ணன் எனக்கு மறுகா சொன்னார். அவ சொன்னது இவ்வளவுதான்:

"லீலா போறாளெண்டா நானும் வாறன், என்ட பேரையும் போடுங்க."

கொழும்பில குலுக்கினது

பேர் போட்டம். ஆனா ஆர் நடக்கிறது, ஆர் நடக்காம இரிக்கிறது எண்டு குலுக்கினது கொழும்பில ஒரு கம்பியூட்டர். லீலா நடக்கிற பக்கம். தவமக்கா காத்திரிக்கிற பக்கம். ஆராய்ச்சி முடியிற வரைக்கும் காத்திரிக்கிற பக்கத்தார் புதுசா ஒரு உடற்பயிற்சியும் தொடங்கப்படாது, முடிஞ்ச பிறகு அவங்களையும் நடத்துவம் எண்டு ஏற்பாடு. எங்களுக்கு மேல இரிந்த டொக்டர் போனில ஞாயம் சொன்னார். நடக்காதவங்க ஒரு பக்கம் இல்லாட்டி, நடந்ததாலதான் சுகம் வந்ததெண்டு எப்பிடித் தெரியிற? ஞாயம்தான். இரவுப் பள்ளிக்கூடத்தில படிச்ச எனக்கே விளங்கிச்சு.

அதைக் கொண்டுபோய்த் தவமக்காட முகத்துக்கு நேர சொல்றதுதான் விளங்கல்ல. "நான் சொல்லமாட்டன், நீங்களே சொல்லுங்க அண்ணன்" எண்டு கிருபா படலையோட நிண்டுட்டா. நான் போனன். தவமக்கா தலை வாரி இழுத்து, நல்ல சட்டை போட்டு இரிந்தா. வருத்தக்காரரிட்ட மருந்துப் போத்திலைக் காட்டிப்போட்டு அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டின மாதிரி, எழுதித் தந்ததை அப்பிடியே வாசிச்சன். எனக்கு வந்த விசருக்கு டெப்பைக் கடல்ல எறிஞ்சிரிப்பன். எறியல்ல. அவ கேட்டுப்போட்டு மெல்லக் கேட்டா:

"அப்ப என்ட காலும் உங்கட கம்பியூட்டரைக் கேட்டுத்தான் நடக்கணுமா?"

வெறுங்கை

நடக்கிற பக்கம் மட்டும் சோக்கா நடந்ததெண்டு நினைக்காதீங்க. டவுனில இரிந்து வந்த பயிற்சியாளர் விசிலும் வெள்ளைச் சப்பாத்துமா வந்து நிண்டார். பொண்டுகள் ஒருத்தி குடையோட, ஒருத்தி வெறும் எண்ணெய்ப் போத்திலோட, லீலா மகள்ட பள்ளிக்கூட பேக்கோட. "எல்லாத்தையும் வைச்சிட்டுக் கையை வீசி நடங்க" எண்டு விசில் அடிச்சார். அடுத்த நாள் அரைவாசிப் பேர் வரல்ல.

எங்கட ஊரில பொம்புளையொருத்தி கையில ஒண்டும் இல்லாம கெதியா நடக்கிறதெண்டா அது துக்கத்துக்குப் போற நடை. இதைப் பயிற்சியாளருக்குச் சொன்னன், நம்பல்ல. ஆராய்ச்சிப் புத்தகத்தில கையை வீசித்தான் நடக்கணுமாம். அவரையும் கூட்டிக்கொண்டு வராதவங்கட வீட்டுக்குப் போனன். லீலா தேங்காய் துருவிக்கிட்டே, அவரை நிமிந்தும் பாக்காமச் சொன்னா:

"வெறுங்கையோட விறுக்கு விறுக்கெண்டு போனா ஆற்ற சாவீடு எண்டு ரோட்டு முழுக்கக் கேக்கிறாங்க, நான் ஆரைச் சாக்காட்ட?"

கூடை

கடைசியில பயிற்சியாளர் இறங்கி வந்தார், எதையாவது தூக்கிக்கொண்டு நடங்க எண்டார். மாங்கேணியில எல்லா வீட்டிலயும் கிடக்கிற சாமான் மீன்கூடை. பொண்டுகள் வெறுங்கூடையோட வரிசையா நடக்கத் தொடங்கினாங்க. ரெண்டு மூண்டு நாள் போகல்ல, வரிசைக்குக் கொஞ்சம் பின்னால இன்னொரு கூடை வருது. பாத்தா தவமக்கா. தூசி தட்டி, கழுவி, தலையில வைச்சிரிக்கா. அவவுக்குப் பின்னால காத்திரிக்கிற பக்கத்துப் பொண்டுகள் எல்லாம், ஆளுக்கொரு கூடையோட. பக்கத்து வீட்டுக்காரி சிரிச்சுக் கதைச்சு நடக்கக்குள்ள படலைக்குள்ள நிண்டு பாத்துக்கொண்டிரிக்க ஆரால ஏலும்?

அந்த நேரம் பாத்து டொக்டர் வேனில வந்து இறங்கினார். தவமக்காவை மறிச்சு, "அம்மா, உங்கள நடக்கவேணாம் எண்டு சொன்னதெல்லோ?" எண்டார். "நான் எங்க நடந்த ஐயா, கரையில அண்ணன்ட மீன்வாடிக்கு மீன் எடுக்கப் போறன், நான் மீன்காரி" எண்டா அவ. பொய்யில்ல. அண்டைக்குக் கூடை நிறைய எடுத்து, வீடு வீடாக் கூவி வித்துப்போட்டுத்தான் வந்தா. அவட சத்தம் கேட்டு எத்தின காலம் எண்டு சனம் படலைக்கு வந்து பாத்திச்சு.

டொக்டர் என்னைப் பாத்தார். தொழிலுக்கு நடந்தா உடற்பயிற்சி இல்ல, சிவலிங்கம் அண்ணனுக்கும் அப்பிடித்தான் அமத்தினன் எண்டு சொன்னன். "அப்ப இவங்களுக்கும் இல்லை எண்டே போடுங்க" எண்டார். "சேர், இப்ப ரெண்டு பக்கமும் ஒரே ரோட்டில நடக்குது, பிறகு பாக்கக்குள்ள வித்தியாசம் தெரியாது" எண்டு சொன்னன். சத்தம் போடாமத்தான் சொன்னன். அவர் வேனுக்குள்ள ஏறிக்கொண்டே சொன்னார்:

"யோசிக்கிறது எங்கட வேலை தம்பி, நீங்க அமத்துங்க."

பிரயோசனம்

எல்லாம் முடிஞ்சு மட்டக்களப்பில ஒரு மண்டபத்தில கூட்டம். திரையில ரெண்டு கோடு காட்டினாங்க, ஒண்டு நடந்தவங்கட கவலை, மற்றது காத்திரிந்தவங்கட கவலை. ரெண்டும் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு கீழ இறங்குது. ஆகவே நடையால ஒரு பிரயோசனமும் இந்தப் பக்கத்தில தெரியல்ல எண்டார் டொக்டர். பயிற்சியாளரை நிப்பாட்டுறாங்களாம். காத்திரிந்தவங்களுக்குத் தாறம் எண்டு சொன்ன நடையும் இனி இல்லையாம்.

எழும்பினன். மற்றப் பக்கமும் நடந்தது சேர், நான் ரோட்டில வைச்சே உங்களிட்டச் சொன்னன் எண்டன். எங்கட பதிவில அவங்க நடக்கல்லயே எண்டார் சிரிச்சுக்கொண்டு. அந்தப் பதிவை அமத்தினவன் நான், அமத்தச் சொன்னவர் அவர். கிருபா என்ட சட்டையைப் பிடிச்சு இழுத்து இருத்தாட்டி அண்டைக்கு நான் வாய்க்கு வந்ததைக் கதைச்சிரிப்பன். தேத்தண்ணியும் குடிக்காம இறங்கினன்.

தவமக்காவை ஏமாத்தினது நாங்கதானே, நாங்களே போய்ச் சொல்லணும் எண்டு மாங்கேணிக்குப் போனன். பஸ்ஸால இறங்கி ரோட்டு நீளத்துக்கும் டொக்டருக்கு மனசுக்குள்ள பேசிக்கிட்டே விறுக்கு விறுக்கெண்டு நடந்தன். அவ முத்தத்தில கருவாடு பரப்பிக்கொண்டு நிண்டா, பக்கத்தில லீலா. வரப்போற நடை இல்லையாம், நடையால பிரயோசனமும் இல்லையாம் எண்டு சொன்னன். லீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. தவமக்கா சிரிக்கல்ல. ஒரு கருவாட்டைத் திருப்பிப் போட்டுப்போட்டுக் கேட்டா:

"பிரயோசனமில்லை எண்டு கண்டுபிடிச்சாச்செண்டா, இனியாவது எங்கள நிம்மதியா நடக்க விடுவாங்களா தம்பி?"

உடம்புக்கும் மனசுக்கும் உள்ள தொடர்பைப் பத்தி நான் கண்டது ஒண்டுதான்: அந்த ஆராய்ச்சி தந்த கோவத்தில மாங்கேணி ரோட்டில என்னைப்போல கெதியா நடந்த ஆள் வேற இல்ல, அதுவும் தொழிலுக்காக நடந்ததெண்டபடியாக் கணக்கில வராது.